மூணாவது பத்து யாரோடது?

வேலைக்குப் புதுசா சேர்ந்திருக்கீங்க, சந்தோஷம். ரிட்டையர் ஆனவளைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்"னு கேக்கறீங்க, அதுவும் சந்தோஷம்தான். ஆனா இங்க வர்றதுக்கு முன்னாடி உங்கள்ல ஒருத்தரோட கிளாஸ்ல கடைசி பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அங்கயே எனக்குத் தலை சூடாயிடுச்சு. மனுஷன் பூச்சியா மாறற கதைதான் பாடம். சுவத்துல ஸ்லைடு ஓடுது, கொட்டை எழுத்துல "அந்நியமாதல்: ஐந்து காரணங்கள்"னு. ஒண்ணொண்ணா படிச்சுக்கிட்டே போறாரு. பசங்க செல்லுல போட்டோ எடுத்துக்கிட்டே வர்றாங்க. அஞ்சாவது காரணம் முடியுது, மணி அடிக்குது, எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. யார் அந்நியமானான், யாருக்கு அந்நியமானான்னு ஒருத்தருக்கும் கவலையில்ல. அட ஆண்டவரே, இதுக்கா பசங்க பஸ் புடிச்சு வர்றாங்க?

யாரு கிளாஸுன்னு நான் சொல்ல மாட்டேன். அவரே தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு, விடுங்க.

கோவிச்சுக்காதீங்க. நான் வடசென்னை, கல்மண்டபத்துக்காரி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. எம்.ஏ., எம்.ஃபில். எல்லாம் படிச்சாச்சு, இருந்தும் கோவம் வந்தா "இன்னா"தான் முதல்ல வரும். நீங்க கேட்டது அனுபவம். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இதே கதையை நடத்தப் போய் நான் மாட்டிக்கிட்டது.

நான் வேலை பார்த்தது திருவொற்றியூர் பக்கம், சாயங்காலக் காலேஜ். பகல்ல வேலைக்குப் போயிட்டு வர்ற பசங்க. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்ல லோடு ஏத்தறவன் இருப்பான், மாதவரத்துல லாரி ஆபீஸ்ல பில் போடறவன் இருப்பான், துணிக்கடையில நாள் பூரா நின்னு கால் வீங்கின பொண்ணு இருப்பா. கிளாஸ்ல வந்து உக்காந்தா ஃபேன் காத்துக்கே பாதிப் பேருக்குக் கண்ணு சொக்கும். அவங்களுக்கு நான் நடத்தணும், நவீன இலக்கியம்.

அதுல இந்தக் கதை. நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்கயோ குளிர் ஊர்ல உக்காந்து ஒருத்தர் எழுதினது. வீட்டுக்கே சம்பாதிச்சுப் போடற பையன் ஒருநாள் காலையில கண்ணு முழிச்சா பூச்சியா கிடக்கான். ஏன்னு கேக்காதீங்க, எழுதினவரும் சொல்லல. அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் முதல்ல பதறுறாங்க. அப்புறம் பழகிக்கிறாங்க. அப்புறம் அலுத்துக்கிறாங்க. கடைசியில கதவைச் சாத்திடறாங்க. அவ்வளவுதான் கதை.

நான் நோட்ஸ் குடுக்கல. வரி வரியா படிச்சுச் சொல்லிக்கிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்துலயே பின்னாடியிருந்து ஒரு குரல்.

"மிஸ், அவனுக்குன்னு தனி ரூமு கீதா?"

"இருக்கு."

"கதவோட?"

"மூணு கதவு."

"மூணு கதவு வெச்ச ரூமா! அப்பால இன்னா மிஸ் அவனுக்குப் பேஜாரு? எங்க வூட்ல வூட்டுக்கே ஒரு கதவுதான். அதுவும் சாத்த வராது."

கிளாஸே சிரிக்குது. இன்னொருத்தன் சும்மா இருப்பானா? "லீவு சொல்லாம நின்னுட்டான்னு ஆபீஸ்லேர்ந்து ஆளு வூட்டுக்கே வந்துட்டாம் பாரு, அது கரெக்டு மிஸ். எங்க மேஸ்திரி அப்டித்தான்." பக்கத்துல இருந்தவன் அவன் தோள்ல தட்டி, "பூச்சியானது பெருசில்ல மாமு. அப்டியே மல்லாந்து படுத்துகினு, டூட்டிக்கு லேட் ஆச்சேன்னு கவலப்படறாம் பாரு. நம்ம ஆளு அவன்"ங்கறான்.

எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம் இருக்கே! அந்தக் குளிர் ஊர்க்காரரு எங்க பசங்க நடுவுல வந்து உக்காந்துட்டாருன்னு நினைச்சேன். அதே நேரம் வராண்டாவுல எங்க ஹெச்.ஓ.டி. எட்டிப் பாத்தாரு. "என்ன மேடம் சத்தம்? போர்ஷன் எங்க நிக்குது?" மனுஷனுக்கு வாயைத் திறந்தா போர்ஷன்தான். பைபிளைக் குடுத்தாலும் எந்த அதிகாரம் வரைக்கும் போர்ஷன்னு கேப்பாரு. "ஓடிக்கிட்டு இருக்கு சார்"னு சொல்லி அனுப்பிவெச்சேன்.

சிரிக்காம இருந்தது ஒரே ஒரு பொண்ணு. ஸ்டெல்லா. ராயபுரத்துலேர்ந்து வர்றவ, பகல்ல ஒரு மருந்துக் கடையில பில் போடறா. வாயே திறக்க மாட்டா. சிரிப்பெல்லாம் அடங்கினதும் கையைத் தூக்கினா.

"மிஸ், அதுக்குப் புரியுதா?"

"எதும்மா?"

"அந்தப் பூச்சிக்கு. வூட்ல இவங்க பேசறதெல்லாம் அதுக்குப் புரியுதா?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. அவன் பேசறதுதான் இவங்களுக்குப் புரியல. வாயைத் திறந்தா வெறும் சத்தம் வருது. அதனால அவனுக்கும் எதுவும் புரியாதுன்னு இவங்களா முடிவு கட்டிக்கிறாங்க. அவனை வெச்சுக்கிட்டே அவனைப் பத்தி எல்லாத்தையும் பேசறாங்க. அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். கதையே அதுதாம்மா."

அவ புஸ்தகத்தை மூடினா. பையை எடுத்தா. என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போயிட்டா. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. இன்னா திமிருன்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு பாத்தா, இல்ல. கேள்வி கேக்க வந்திருக்கா.

"மிஸ், கதை எழுதனவருக்கு அவன் உள்ள இன்னா நெனக்கிறான்னு தெரியும். எழுதிட்டாரு. வூட்ல கீறவங்களுக்கு அது எப்டி மிஸ் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு உங்க அஞ்சு காரணத்துல பதில் இருக்கா? தேடிப் பாருங்க. நான் அத்தனை வருஷம் நடத்தின பாடத்துல எங்கயும் இல்ல. "உள்ள வந்து உக்காரு"ன்னேன். அப்போதான் சொன்னா.

அவளுக்கு ஒரே அண்ணன், மைக்கேல். ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டறவன். அப்பா சவரிமுத்து ஹார்பர்ல கூலி வேலை செஞ்சு முட்டி போய் உக்காந்ததிலிருந்து குடும்பமே அவன் தலைமேலதான். இவளைக் காலேஜுல சேத்ததும் அவன்தான். எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் வண்டிங்க மைல் கணக்கா வரிசையில நிக்குமே, அப்படி நிக்கும்போது ஒருநாள் ஸ்டீயரிங் மேல சாஞ்சுட்டான். ஸ்ட்ரோக். கல்யாணம்கூட ஆகல, வயசு முப்பத்தஞ்சுக்குள்ள. பொழைச்சான். வலது கையும் காலும் போச்சு, பேச்சு போச்சு.

பேச்சு போச்சுன்னா ஊமையாகல. அவனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வருது. டயரு. தண்ணி வேணும்னாலும் டயரு, வலிச்சாலும் டயரு, பொம்பளைங்க முன்னாடி துணி விலகினா வெக்கத்துல கத்தறதும் டயரு. டாக்டர் எதோ விளக்கிச் சொல்லியிருக்காரு. வார்டுல அந்தக் கூட்டத்துல அது யாரு காதுல ஏறிச்சு? மூளை போயிடுச்சுன்னு இவங்களா முடிவு பண்ணிட்டாங்க.

"ஆறேழு மாசம் நாந்தான் மிஸ் எல்லாம் செஞ்சேன். காலைல அவன கழுவி, துணி மாத்தி, கஞ்சி ஊட்டிட்டு கடைக்கு ஓடுவேன். முன்னல்லாம் பேசிகினே செய்வேன். இப்போ பேசறதுகூட இல்ல. மூக்கப் பொத்திகினு செய்யறேன். என்னால முடில மிஸ்." அழுதுக்கிட்டே சொன்னா. "செங்குன்றம் தாண்டி ஒரு இல்லம் கீது, அங்க வுட்றலாம்னு நைனா சொன்னாரு. சனிக்கெழமை வண்டி வருது. நானும் சரின்னுட்டேன். அவன் தலமாட்டுல நின்னுகினுதான் சொன்னேன்."

அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்ல நான் யாரு? நீங்களும் யாரு? பீ மூத்திரம் அள்ளாதவங்க யாரும் அவளுக்குப் பாசத்தைப் பத்திப் பாடம் எடுக்க வேணாம். அந்தக் கதையிலயும் தங்கச்சிதான் சோறு வெச்சுப் பாத்துக்கறா, கடைசியில அவதான் வேணாம்ங்கறா. அவளைக் கொடுமைக்காரின்னு பரீட்சைப் பேப்பர்ல எழுதறாங்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"அவனுக்குப் புரியுதுன்னா அனுப்பக் கூடாது மிஸ். நீங்க வந்து சொல்லுங்க. டீச்சரு சொன்னா நைனா கேப்பாரு."

இது காதுல விழுந்துட்டுது எங்க ஹெச்.ஓ.டி.க்கு. அவ போனதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, "மேடம், வாத்தியார் வேலை கிளாஸ் ரூமோட முடியுது. நாளைக்கு அப்பன்காரன் வந்து காலேஜ் வாசல்ல கத்தினா நான்தான் பதில் சொல்லணும்"னாரு. அவர் சொன்னது தப்புன்னு நினைக்காதீங்க. பல நேரம் அவர் சொல்றதுதான் சரி. அடுத்தவங்க வீட்டுக்குள்ள மூக்கை நுழைச்சு, இருக்கற கொஞ்ச நஞ்சத்தையும் கெடுத்துட்டு வந்த டீச்சருங்களை எனக்குத் தெரியும். ஆனா சனிக்கிழமை எதிர்ல நிக்குது. கேட்டது நான் நடத்தின பாடத்திலிருந்து வந்த கேள்வி. அதுக்குப் பதில் தெரியாம கிளாஸுக்குப் போய் நின்னா எனக்கு மானம் போயிடும். "சார், இதுவும் போர்ஷன்தான்"னு சொல்லிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பிப் போயிட்டேன்.

ஹவுசிங் போர்டு வீடு, ரெண்டாவது மாடி. ஒரே ரூம். ஒரு ஓரத்துல அடுப்பு, ஒரு ஓரத்துல மாதா படம், மூணாவது ஓரத்துல பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டு அதுக்குப் பின்னாடி கட்டில். கட்டில்ல மைக்கேல். புடவை பாதி விலகியிருந்துச்சு. நல்ல ஆகிருதியான ஆளு, ஒரு பக்கம் அப்படியே துவண்டு கிடந்துச்சு. முகத்தைச் சுவத்துப் பக்கம் வெச்சிருந்தான்.

சவரிமுத்து ரொம்ப மரியாதையான மனுஷன். லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நின்னு, இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டாரு. ஸ்டெல்லாவோட அம்மா ஓடிப் போய்க் காப்பி போட்டாங்க. நான் பேசினேன். மைக்கேலுக்குப் புரியும், பேச்சு மட்டும்தான் வரல, ஆஸ்பத்திரியில இதுக்குன்னு பயிற்சி குடுக்கறவங்க இருக்காங்க, ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கன்னு எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினாரு. அந்த ஆட்டத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒரு வார்த்தை உள்ள போகலன்னு.

"டீச்சரம்மா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா என்னால தூக்க முடில, இவளாலயும் முடில. இந்தப் பொண்ணு எத்தினி நாளைக்கு இதயே செய்யும்? அதுக்கும் ஒரு கண்ணாலம் காட்சி பண்ண வோணாமா? நாங்க கண்ண மூடிட்டா இவன யாரு பாப்பா? அங்க கன்னியாஸ்திரிங்க நல்லா பாத்துக்கிறாங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். இங்க கெடந்தாலும் ஒண்ணுதான், அங்க கெடந்தாலும் ஒண்ணுதான்."

அம்மா காப்பியைக் கையில குடுத்துக்கிட்டே, "அன்னிக்கே ஆண்டவரு எடுத்துகினு இருக்கலாம். இவனும் இப்டி அவஸ்த பட மாட்டான், நாங்களும் பட மாட்டோம்"னாங்க. பாசத்துலதான் சொன்னாங்க. சத்தியமா பாசத்துலதான். கட்டில் ரெண்டு எட்டு தள்ளி இருக்கு.

அந்த இல்லம் மோசமான இடம்னு என்னால சொல்ல முடியாது. அவர் சொன்ன கஷ்டம் எதுவும் பொய் இல்ல. ஆனா போகப் போறவனை ஒருத்தராவது ஒரு வார்த்தை கேக்கலியே! எழுந்து போய் அவனை உலுக்கி, "புரியுதுன்னு காட்டுடா"ன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தினா மட்டும் என்ன வரும்? டயருன்னுதான் வரும்.

அப்போ கோயில் மணி அடிச்சுது. அவர் பேச்சை நிறுத்திட்டாரு. "செபத்த முடிச்சுட்டுப் பேசலாம் டீச்சரம்மா."

உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்காது, அதனால சொல்றேன். எங்க கத்தோலிக்க வீடுங்கள்ல சாயங்காலம் செபமாலை சொல்லுவாங்க. அஞ்சு பத்து. ஒரு பத்துன்னா 'அருள் நிறைந்த மரியே' செபம் பத்து தடவை. ஒருத்தர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவாங்க, மத்தவங்க எல்லாரும் சேர்ந்து மீதிப் பாதியைப் பதிலாச் சொல்லணும். ஆளுக்கு ஒரு பத்து. அப்பா முதல்ல, அம்மா ரெண்டாவது, அப்புறம் பிள்ளைங்க வயசுப்படி. அந்த வரிசை வீட்டுக்கு வீடு அப்படியே இருக்கும், சின்னப் பிள்ளை ஒண்ணு புதுசா சொல்லக் கத்துக்கிட்டா அதுக்கும் ஒண்ணு ஒதுக்குவாங்க. வந்த விருந்தாளிக்கு அஞ்சாவதைக் குடுக்கறது மரியாதை. சவரிமுத்து வீட்ல மூணாவது பத்து மைக்கேலோடது. நாலாவது ஸ்டெல்லாவோடது. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

முதல் பத்து அவர் சொன்னாரு. முட்டி போட முடியாது, சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே சொன்னாரு. நாங்க பதில் சொன்னோம். செபத்துல கண்ணை மூடணும், நான் மூடல. கட்டிலையே பாத்துக்கிட்டு இருந்தேன். மைக்கேலோட இடது கை வயித்து மேல இருந்துச்சு. கட்டைவிரல் மட்டும் அசையுது. ஒரு செபம் முடிய முடிய, விரல் கணுவுல ஒரு கணு நகருது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ரெண்டாவது பத்து அம்மா ஆரம்பிச்சாங்க. கட்டைவிரல் மறுபடி முதல் கணுவுக்கு வந்துட்டுது. ஒண்ணொண்ணா எண்ணுறான். பத்தாவதுல அவங்க நிறுத்தினாங்க, அவனும் நிறுத்தினான்.

எனக்குச் செபம் மறந்துபோச்சு. கோவம் மட்டும்தான் இருந்துச்சு. ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு, தினம் சாயங்காலம் இதையே சொல்லிக்கிட்டு, ஒருத்தராவது அந்தக் கையைப் பாத்திருக்க மாட்டாங்களா? எப்படிப் பாப்பாங்க? எல்லாரும் பக்தியா கண்ணை மூடிக்கிட்டு இருக்காங்களே!

சவரிமுத்து என் பக்கம் திரும்பி, மெதுவா, மரியாதையா, "ஸ்டெல்லாவுக்கு நாலாவது கீது, மூணாவது இன்னிக்கு டீச்சரம்மா சொல்லுவாங்க"ன்னாரு.

நான் வாயைத் திறக்கல.

செபத்துக்கு நடுவுல கூப்பிட்டும் பேசாம நிக்கறது எங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவுன்னு உங்களுக்குச் சொன்னா புரியாது. ஸ்டெல்லா என்னையே பாக்கறா. அம்மா கண்ணைத் திறந்துட்டாங்க. "சொல்லுங்க டீச்சர்"னாரு மறுபடி. மூணாவது தடவை கூப்பிடும்போது குரல் கொஞ்சம் கடுமையாவே வந்துச்சு.

"மூணாவது என்னுது இல்லய்யா. யாரோடதோ அவங்க சொல்லட்டும்"னேன்.

அவருக்கு முகம் செவந்துபோச்சு. "அவனால முடியாதும்மா. டயரு டயருன்னுவான். மாதா முன்னாடி அது அசிங்கம். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே நாந்தான் அவன் பத்த ஸ்டெல்லாவுக்குக் குடுத்தேன்."

"ஒரு தடவை சொல்லச் சொல்லிப் பாத்தீங்களா?"

அவர் மாதா படத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஒருவேளை அவன் வாயைத் திறந்து டயருன்னு சொல்லிட்டா? விடிஞ்சா வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதுக்கு நான் வந்ததே சாட்சியா நிக்கும். ஹெச்.ஓ.டி. சொன்னது நிஜமாயிடும். இருந்தாலும் வாயைக் கட்டிக்கிட்டு நின்னேன். அந்த இடத்துல நான் சொல்லியிருந்தா, நானும் அவன்கிட்டேயிருந்து புடுங்கின ஆளு ஆயிடுவேன்.

கட்டில்லேர்ந்து முதல்ல ஒரு முக்கல். அப்புறம் "ட... ட..."ன்னு ஒரு இழுப்பு. சவரிமுத்து கையைத் தூக்கி, போதும்ங்கற மாதிரி திரும்பினாரு. அப்போ வந்துச்சு. 'அருள் நிறைந்த மரியே'ன்னு. கொழகொழன்னு, ஒரு பக்க வாயால, ஆனா வார்த்தை வார்த்தையா. முதல் பாதி முழுசா சொல்லி முடிச்சு, நிறுத்திட்டு, எங்களைப் பாத்தான்.

மறுநாள் அந்தத் தெருவே அதிசயம்னு கிளம்பிடுச்சு. மெழுகுவர்த்தி வாங்கிக்கிட்டு வூட்டுக்கு வந்துட்டாங்களாம். எனக்கு வந்த எரிச்சல் இருக்கே! அதிசயமும் இல்ல, மண்ணும் இல்ல. அப்புறமா ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு சொல்லிச்சு, யோசிச்சுப் பேசற பேச்சு போனாலும், சின்ன வயசுலேர்ந்து சொல்லிப் பழகின செபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது இதெல்லாம் சில பேருக்கு அப்படியே தங்கியிருக்குமாம். அத்தனை மாசமா அது அவன்கிட்ட இருந்திருக்கு. இவங்க அவனை வாய் திறக்க விடல, அவ்வளவுதான் விஷயம்.

அதை விடுங்க. அவன் முதல் பாதியைச் சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். பதில் சொல்லணும். ஒருத்தரும் சொல்லல. அம்மா முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டாங்க. ஸ்டெல்லா தரையில உக்காந்துட்டா. எனக்கு வாய் வரைக்கும் வந்துட்டுது, பல்லைக் கடிச்சு நிறுத்திக்கிட்டேன். பதில் நான் சொன்னா அது எனக்கும் அவனுக்கும் ஆயிடும். அந்த வீடு சொல்லணும்.

அவன் மறுபடி முதல்லேர்ந்து சொன்னான். நிறுத்தினான். பாத்தான். பதில் இல்ல. மூணாவது தடவை சத்தமா சொன்னான், கிட்டத்தட்ட கத்தினான். இந்தத் தடவை அவன் பாத்தது அப்பாவை மட்டும்தான்.

சவரிமுத்து தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. அப்புறம் மீதிப் பாதியை அவர் ஒருத்தரே தனியா சொன்னாரு, உடைஞ்சு உடைஞ்சு. அடுத்த தடவை அம்மா சேர்ந்துக்கிட்டாங்க. அதுக்கு அடுத்ததுல ஸ்டெல்லாவும் நானும். பத்தும் முடியற வரைக்கும் கட்டைவிரல் கணு கணுவா நகர்ந்துச்சு, ஒண்ணு தப்பல. நாலாவது பத்தை ஸ்டெல்லா எப்படிச் சொன்னான்னு எனக்கு ஞாபகமே இல்ல.

செபம் முடிஞ்சுது. அம்மாதான் முதல்ல கேட்டாங்க, ரொம்ப மெதுவா. "அப்போ இவ்ளோ நாளும் நாம பேசனதெல்லாம் கேட்டுகினுதான் கீறானா?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் எந்தப் பாடத்துலயும் அவ்வளவு சரியா கேட்டதில்ல. அதனாலதான் சொல்றேன், உங்க அஞ்சு காரணத்தைத் தூக்கி அந்தாண்ட போடுங்க. கதையைப் படிங்க, வரி வரியா, சத்தமா. எந்த இடத்துல எவனாவது கையைத் தூக்கறானோ அந்த இடத்துல நில்லுங்க. அவன் கேக்கறது பரீட்சைக்கு வராது. ஹெச்.ஓ.டி. எட்டிப் பாப்பாரு. நில்லுங்க. அவங்க வீட்டுக்கெல்லாம் போகணும்னு நான் சொல்லல. போகக் கூடாத வீடு நிறைய இருக்கு. ஆனா போனா, பேசறதைக் குறைச்சுட்டுக் கண்ணைத் திறந்து வெச்சிருங்க.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னு முடிச்சுடறேன். சவரிமுத்து கட்டிலுக்குப் பக்கத்துல போனாரு. எங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு. "மைக்கேலு, நாளைக்கு வண்டி வராது. நான் போன் பண்ணி வோணாம்னு சொல்ட்றேன்பா." குனிஞ்சு அவன் நெத்தியைத் தொட்டாரு. மைக்கேல் அவர் கையை இடது கையால தட்டிவிட்டான். முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

அவர் என்னை வழியனுப்பக் கீழ வரைக்கும் இறங்கி வந்தாரு. முட்டி வலியோட ஒவ்வொரு படியா. வாசல்ல வந்து நின்னு, சின்னப் பிள்ளை மாதிரி உதடு துடிக்கக் கேட்டாரு.

"டீச்சரம்மா, என் மூஞ்சியவே பாக்க மாட்றானே."

"பாக்க மாட்டான். இத்தனை மாசமா நீங்க பேசினதை நான் அங்க படுத்துக்கிட்டுக் கேட்டிருந்தா, நானும் பாக்க மாட்டேன்."

"கோவம் போவுமா?"

"தெரியாதுய்யா. போகலன்னாலும், கோவப்பட வூட்ல ஒரு ஆளு கீறான் இல்ல."

அவர் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு மேல ஏற ஆரம்பிச்சாரு. பாதிப் படியில மூச்சு வாங்க நின்னு, "மைக்கேலு"ன்னு கூப்பிட்டாரு. மேலேயிருந்து பதில் வரல. கொஞ்சம் காத்துக்கிட்டு இருந்துட்டு, மறுபடி கூப்பிட்டுக்கிட்டே ஏறினாரு.